அண்ணனின் மூளைக்கட்டிக்கு ஜீன் சோதனை எழுதியிருக்கிறார்கள், கட்டாயம் செய்ய வேண்டுமா?

திருமங்கலத்துத் தம்பி:

வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். எங்களுக்கு ஊர் திருமங்கலம் பக்கம். அண்ணனுக்கு 36 வயது, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறான். பங்குனியில் ஒருநாள் விடியற்காலையில் மல்லிகை மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தவன் "யார்றா டயரை எரிக்கிறது" என்று கேட்டிருக்கிறான். கடைப் பையன்கள் யாருக்கும் அப்படி ஒரு வாடை வரவில்லை. அரை நிமிடம்தான், தானாகப் போய்விட்டது. அப்புறம் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை இதே டயர் வாடை வரும், அந்த நேரத்தில் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பான். ராத்திரித் தூக்கம் இல்லாத தொழில், அதனால்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை அன்று பூவுக்குக் கிராக்கி, இரண்டு நாளாகக் கண் மூடவில்லை, கடையிலேயே வலிப்பு வந்து விழுந்துவிட்டான். ஆளாளுக்குக் கையில் சாவியைத் திணித்திருக்கிறார்கள்.

எம்.ஆர்.ஐ.யில் வலது டெம்போரல் பக்கம் 4 செ.மீ. கட்டி. மதுரையிலேயே ஆபரேஷன் முடிந்தது, நல்லபடியாக எழுந்துவிட்டான், பேச்சு நடை எல்லாம் சரியாக இருக்கிறது. பயாப்ஸி பேப்பரில் 'டிஃப்யூஸ் கிளையோமா, கிரேடு 2' என்று போட்டு, கீழே 'ஐ.டி.எச்.1 ஆர்132எச் நெகட்டிவ், ஏ.டி.ஆர்.எக்ஸ். இழப்பு இல்லை, என்.ஜி.எஸ். செய்து பார்க்கவும்' என்று எழுதியிருக்கிறார்கள். அது ஜீன் சோதனையாம். 38,000 ரூபாய் சொல்கிறார்கள். ஆபரேஷன் காப்பீட்டு அட்டையில் முடிந்தது, இது கையிலிருந்து கட்ட வேண்டும்.

ஒருதரம் பயாப்ஸி பார்த்தாகிவிட்டது, கிரேடு 2 என்று சொல்லியும் விட்டார்கள், திரும்ப எதற்கு இன்னொரு சோதனை என்று சித்தப்பா கேட்கிறார். ஜீன் என்றால் ரத்தத்தில் பார்த்தால் போதாதா என்றும் கேட்கிறார். அம்மாவுக்குக் கவலை வேறு. ஜீன் சோதனை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் "நம்ம வம்சத்துல யாருக்கும் இது இல்லையேப்பா" என்று அழுதார்கள். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதையும் சேர்த்துத்தான் அழுகை. மதினி ஒன்றும் பேசவில்லை. கடைசியில் என்னைத்தான் முடிவெடுக்கச் சொல்கிறார்கள். பணத்தைப் புரட்டிவிடலாம். பிரயோஜனம் உண்டா என்றுதான் தெரிய வேண்டும்.

மெழுகும் கண்ணாடியும்:

தம்பி, நான் டாக்டர் இல்லை. மதுரையில் ஒரு ஹிஸ்டோபேத்தாலஜி லேபில் 14 வருடமாக டெக்னீஷியன். உங்கள் அண்ணன் மாதிரி ஆட்களுடைய திசுவைத்தான் தினமும் மெழுகில் புதைத்து, சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போடுகிறேன். அதனால் சோதனைப் பக்கம் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மருத்துவ முடிவை உங்கள் நியூரோசர்ஜனும் ஆன்காலஜி டாக்டரும்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் பேப்பரில் இருக்கிற அந்த 'நெகட்டிவ்' என்ற ஒரு வார்த்தைதான் இங்கே முக்கியம், அதை நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கிளையோமா என்பது மூளையில் நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கிற செல்களிலிருந்து வருகிற கட்டி. அவற்றில் ஐ.டி.எச். என்ற ஜீனில் மாற்றம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் இன்றைக்கு முதல் கேள்வி. 2008-இல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள், கட்டியின் ஜீன்களை வரிசையாகப் படித்துப் பார்த்தபோது வெளியே வந்தது. மாற்றம் இருந்தால் கட்டி பெரும்பாலும் மெதுவாக வளரும் வகை. இல்லாவிட்டால் வேறு கதை. நாங்கள் லேபில் போடுகிற சாயச் சோதனை, அதாவது ஐ.எச்.சி., அந்த ஜீனில் வரக்கூடிய மாற்றங்களில் ஒன்றே ஒன்றை மட்டும்தான் பிடிக்கும், அதுதான் ஆர்132எச். பத்துப் பேருக்கு மாற்றம் இருந்தால் சுமார் ஒன்பது பேருக்கு அதுவாகத்தான் இருக்கும், அதனால்தான் முதலில் அதைப் போடுகிறோம். மீதி ஒருவருக்கு அதே இடத்தில் வேறு மாதிரி எழுத்து மாறியிருக்கும், அல்லது ஐ.டி.எச்.2 என்ற இன்னொரு ஜீனில் மாறியிருக்கும். சாயத்துக்கு அது தெரியவே தெரியாது, நெகட்டிவ் என்றுதான் காட்டும்.

அப்படியானால் உங்கள் அண்ணனுக்கு என்னென்ன இருக்கலாம்? சாயத்தில் சிக்காத ஐ.டி.எச். மாற்றம் இருக்கலாம், அப்படி இருந்தால் நல்ல செய்தி. ஐ.டி.எச். மாற்றமே இல்லாமல், மைக்ராஸ்கோப்பில் சாதுவாகத் தெரிந்தாலும் உள்ளே கிளையோபிளாஸ்டோமா என்ற வேகமாக வளரும் வகையாக இருக்கலாம். டெர்ட் என்ற ஜீனை இயக்குகிற புரோமோட்டர் பகுதியில் மாற்றம், ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஜீனின் பிரதிகள் பெருகியிருப்பது, 7-ஆம் குரோமோசோம் கூடி 10-ஆம் குரோமோசோம் குறைந்திருப்பது, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலே போதும், பெரியவர்களுக்கு வருகிற இந்த வகைக் கட்டியை இப்போது கிரேடு 4, அதாவது இருப்பதிலேயே மோசமான படி, என்றுதான் எழுத வேண்டும். அப்புறம் பிராஃப் மாதிரி வேறு ஜீன் மாறிய அபூர்வ வகைகள் சில உண்டு, இளவயதுக்காரர்களிடம் அதையும் பார்ப்பார்கள். கண்ணாடியில் இவை எல்லாமே ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். நான் போட்ட சிலைடுகளைப் பார்த்து 30 வருட அனுபவம் உள்ள பேத்தாலஜிஸ்ட்டுகளே தயங்கி நின்றதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: 'கிரேடு 2' என்பது கண்ணால் பார்த்துப் போட்ட பாதிப் பெயர். மூளைக்கட்டிக்குப் பெயர் வைக்கும்போது ஜீனையும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் கொண்டுவந்தது, 2021-இல் ஐந்தாம் பதிப்பில் அதை இன்னும் இறுக்கமாக்கிவிட்டது. 55 வயதுக்கு மேற்பட்டவர், கண்ணாடியிலும் அப்பட்டமான கிளையோபிளாஸ்டோமா, ஆர்132எச் நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் ஐ.டி.எச்.சுக்காக மேற்கொண்டு தோண்ட மாட்டார்கள். அண்ணனுக்கு 36, கட்டியும் சாதுவாகத் தெரிகிறது. உங்கள் பேத்தாலஜிஸ்ட் எழுதியது சரியான வார்த்தை.

ரத்தத்தில் பார்க்க முடியாதா என்றால், மாற்றம் இருப்பது கட்டிக்குள். மற்ற உறுப்புகளில் புற்று வந்தால் அதன் டி.என்.ஏ. துணுக்குகள் ரத்தத்தில் கொஞ்சம் மிதக்கும். மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருப்பதால் மூளைக்கட்டியிலிருந்து ரொம்பக் கொஞ்சம்தான் கசியும். அதனால் கட்டியின் திசுவே வேண்டும். அதற்காகத் திரும்ப ஆபரேஷன் ஒன்றும் கிடையாது, பயப்படாதீர்கள். ஏற்கெனவே எடுத்தது பிளாக்காக இருக்கிறது. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம், மேலே நம்பர் எழுதியிருக்கும், அதில் வெள்ளை மெழுகு, மெழுகுக்கு நடுவில் துவரம்பருப்பு அளவில் பழுப்பாக ஒன்று தெரியும். அதுதான் உங்கள் அண்ணனின் கட்டி. அதை மைக்ரோடோமில் வைத்துச் சீவும்போது தேங்காய்த் துருவல் மாதிரி சுருண்டு விழும், அதைக் குழாயில் பிடித்து, மெழுகைக் கரைத்து, டி.என்.ஏ.வை எடுப்பார்கள்.

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். பயாப்ஸி பார்த்த லேபுக்கு நேரில் போய், பயாப்ஸி நம்பரைச் சொல்லி, பிளாக்கும் எச்.அண்டு.இ. சாயம் போட்ட சிலைடும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பிளாக் இருந்தால் கட்டி எதில் அதிகமாக இருக்கிறது என்று பேத்தாலஜிஸ்ட்டையே குறித்துத் தரச் சொல்லுங்கள். சுற்றியிருக்கிற நல்ல மூளைத் திசு அதிகமாக, கட்டி கொஞ்சமாக இருக்கிற பிளாக்கை அனுப்பினால் இருக்கிற மாற்றமும் தெரியாமல் போகும். பல லேப்களில் குறைந்தது 20 சதவீதமாவது கட்டி செல் இருக்க வேண்டும் என்பார்கள். இன்னொன்று, இந்த வெயிலில் பிளாக்கைப் பைக் டேங்க் கவரில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள், மெழுகு இளகும். ஐஸ் பேக்கோடு சின்ன தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள், ஐஸ் நேராகப் படாமல் ஒரு துணி சுற்றி.

வலிப்பு வந்தால் சாவி வேண்டாம் தம்பி. ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், எத்தனை நிமிடம் என்று பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

சிவகங்கை மகள்:

மேலே அண்ணன் சொன்னதை வரிக்கு வரி ஒத்துக்கொள்கிறேன், எங்கள் அப்பாவுக்கு நடந்தது இது. அப்பாவுக்கு 58 வயது, ரிட்டையர்டு வாத்தியார். அவருக்கும் கிரேடு 2 மாதிரி தெரிகிறது என்றுதான் முதல் பேப்பர். நாங்கள் வீட்டில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம், தப்பித்துவிட்டோம் என்று. அப்புறம் ஜீன் சோதனை எழுதினார்கள். நாங்கள் விவரம் தெரியாமல், விலை குறைவாகச் சொன்ன ஓர் இடத்தில் பணத்தைக் கட்டினோம். மூன்று வாரம் கழித்து வந்த ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் தலையில் கை வைத்துவிட்டார். அது நுரையீரல் புற்றுக்குப் போடுகிற பேனலாம். ஐம்பது ஜீன் பார்த்திருந்தார்கள், எங்களுக்கு வேண்டிய டெர்ட் அதில் இல்லை, 1பி/19கியூ இல்லை, குரோமோசோம் கணக்கே இல்லை. பணம் போனது ஒரு பக்கம். அந்த மூன்று வாரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பிளாக்கிலும் பாதியைச் சீவிவிட்டார்கள், மீதி போதுமா என்று அடுத்த லேபில் யோசித்தார்கள்.

அதனால் தம்பி, பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்: ஐ.டி.எச்.1, ஐ.டி.எச்.2 இரண்டும் இருக்கிறதா, டெர்ட் புரோமோட்டர் இருக்கிறதா, 1பி/19கியூ, அதாவது 1-ஆம், 19-ஆம் குரோமோசோம்களில் ஒவ்வொரு கை, முழுசாகப் போயிருக்கிறதா என்று சொல்வார்களா, ஈ.ஜி.எஃப்.ஆர். பெருக்கம், 7, 10 குரோமோசோம், சி.டி.கே.என்.2ஏ இழப்பு, பிராஃப், எச்3 எல்லாம் வருமா என்று. எம்.ஜி.எம்.டி. என்று ஒன்று இருக்கிறது, அது எழுத்து மாற்றம் இல்லை, ஜீன் மேல் ஒட்டியிருக்கிற மீத்தைல் குறி, டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை எவ்வளவு பலன் தரும் என்று சொல்வது அது. பெரும்பாலும் தனிச் சோதனையாகத்தான் செய்வார்கள், உங்களுக்குத் தேவையா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனையும் நான் மனப்பாடமாகச் சொல்வது படித்ததால் இல்லை, பட்டதால்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் டெர்ட் மாற்றமும் ஈ.ஜி.எஃப்.ஆர். பெருக்கமும் வந்தது. கிளையோபிளாஸ்டோமா. ஆறு மாதம் கழித்து ஸ்கேன் பார்க்கலாம் என்றிருந்த ஆளுக்கு அடுத்த வாரமே ரேடியேஷனும் டெமோசோலமைடும் தொடங்கினார்கள். 2005-இலிருந்து இதற்கு இதுதான் வைத்தியம் என்று டாக்டர் சொன்னார். அப்பா 16 மாதம் இருந்தார். ஜீன் சோதனை அவரைக் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 16 மாதத்தில் முக்கால்வாசி அவர் நடந்தார், பேப்பர் படித்தார், என் மகள் காதுகுத்துக்கு அழகர்கோவிலுக்கு வந்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார், பேங்க் விஷயம் நிலத்து விஷயம் எல்லாவற்றையும் அவரே உட்கார்ந்து எழுதி வைத்தார். என்ன வருகிறது என்று தெரிந்ததால்தான் எழுதினார். கிரேடு 2 என்ற பாதிப் பெயரை நம்பி ஸ்கேன் தேதிக்குக் காத்திருந்தால் இதில் எதுவும் எங்களுக்குக் கிடைத்திருக்காது. செய்யுங்கள். என்ன வந்தாலும் தெரிந்துகொள்வது நல்லது.

திருமங்கலத்துத் தம்பி:

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் தோன்றவில்லை. எழுதியதற்கு நன்றி. அண்ணே, லேபில் எழுதிக் கொடுத்துவிட்டேன், மூன்று பிளாக் இருக்கிறதாம், 'பி' பிளாக்கில்தான் கட்டி அதிகம் என்று சீட்டு எழுதித் தந்திருக்கிறார்கள், நாளைக்குக் கையில் கிடைக்கும். அக்கா சொன்ன பட்டியலையும் கேட்டேன். முதலில் சொன்ன இடத்தில் 1பி/19கியூ வராது, தனியாக ஃபிஷ் என்ற குரோமோசோம் சோதனை போட வேண்டும் என்றார்கள். இன்னொரு இடத்தில் எல்லாம் சேர்ந்தே வரும், ஆனால் 6,000 கூட. கூடப் போனாலும் பரவாயில்லை, பிளாக்கை இரண்டு இடத்தில் சீவ வேண்டாம் என்று அதையே சொல்லிவிட்டேன்.

அம்மா விஷயத்துக்கு மட்டும் இன்னும் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மெழுகும் கண்ணாடியும்:

நல்ல முடிவு தம்பி. திசு குறைவாக இருக்கும்போது ஒரே தடவையில் எல்லாம் பார்ப்பதுதான் சரி.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். நீங்கள் பூக்காரர்கள், அம்மாவுக்குச் செடி தெரியும். மதுரை மல்லி நாற்று நிறைய தங்கச்சிமடத்துப் பக்கமிருந்துதானே வருகிறது, தாய்ச்செடியிலிருந்து பதியம் போட்டு. தாய்ச்செடியிலேயே குறை இருந்தால் அதிலிருந்து போன நாற்று எல்லாவற்றிலும் ஒவ்வொரு கொப்பிலும் அது இருக்கும். நல்ல நாற்றுதான், நட்டு வளர்ந்து பத்து வருடம் பூத்த பிறகு ஒரே ஒரு கொப்பில் மட்டும் ஏதோ விழுந்து அது பட்டுப்போனால், தாய்ச்செடியைக் குறை சொல்வோமா? அண்ணனுக்கு இப்போது பார்ப்பது அந்த ஒரு கொப்பைத்தான். அவர் பிறந்து வளர்ந்த பிறகு மூளையில் ஒரு செல்லில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அந்த ஒரு செல் பெருகியதுதான் கட்டி. அது அம்மாவிடமிருந்து வரவில்லை, பிள்ளைகளுக்கும் போகாது, தங்கச்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கிளையோமாக்களில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான்.

பரம்பரையாக வருகிற சில உண்டு, மறைக்கக் கூடாது. நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் என்று ஒன்று, உடம்பில் காப்பி நிறத் திட்டுகள் நிறைய இருக்கும். லி-ஃப்ராமேனி என்று ஒன்று, ஒரே குடும்பத்தில் சின்ன வயதிலேயே பல பேருக்குப் பலவிதப் புற்று வரும். அந்த மாதிரி அடையாளம் இருந்தால்தான் டாக்டர் ரத்தத்தில் தனியாகப் பார்க்கச் சொல்வார், அதற்கு வேறு ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்குவார்கள். சில லேப்களில் கட்டியோடு ரத்தமும் கேட்பார்கள், எது பிறவியில் இருந்தது எது கட்டியில் மட்டும் இருக்கிறது என்று கழித்துப் பார்க்கத்தான், பயப்பட வேண்டாம். மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். மறைத்தால்தான் பின்னால் வேறு பேச்சு வரும்.

நாகமலை மாணவி:

நான் காமராஜர் பல்கலைக்கழகத்தில் பயோடெக்னாலஜி முடித்தவள், இப்போது சீக்வென்சிங் டேட்டாவோடுதான் வேலை. ரிப்போர்ட் வரும்போது பயன்படும் என்று இரண்டு விஷயம்.

'படிப்பது' என்று சொல்கிறோமே, மெஷின் என்ன செய்கிறது என்றால் டி.என்.ஏ.வைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, கோடிக்கணக்கான துண்டுகளை ஒரே நேரத்தில் எழுத்து எழுத்தாகப் படித்து, 300 கோடி எழுத்துள்ள மனித ஜீனோமில் எந்தத் துண்டு எந்த இடத்தைச் சேர்ந்தது என்று கம்ப்யூட்டர் பொருத்தும். ஒரே இடத்தை நூற்றுக்கணக்கான தடவை படிப்பார்கள், ரிப்போர்ட்டில் 'டெப்த்' என்று இருக்கும். பக்கத்தில் ஒரு சதவீதம் இருக்கும், அத்தனை தடவை படித்ததில் எத்தனை தடவை எழுத்து மாறியிருந்தது என்று. 40 சதவீதம் என்று இருந்தால் நோய் 40 சதவீதம் என்று அர்த்தம் இல்லை, நிறையப் பேர் இங்கேதான் கலங்கிவிடுகிறார்கள். ஒரு செல்லில் அந்த ஜீன் இரண்டு பிரதி, அதில் ஒன்றுதான் மாறியிருக்கும், கூடவே நல்ல செல்லும் கலந்திருக்கும், அதனால் பாதிக்கும் கீழே வருவது சகஜம்.

இரண்டாவது, ஐ.டி.எச். மாற்றம் பேப்பரில் வந்தால் வோராசிடெனிப் என்ற மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஐ.டி.எச்.1, ஐ.டி.எச்.2 இரண்டின் மாறிய நொதியையும் அடைக்கிற மருந்து. ஆபரேஷன் முடிந்து ரேடியேஷனோ கீமோவோ தொடங்காத கிரேடு 2 ஆட்கள் 331 பேரிடம் பார்த்தார்கள், 2023-இல் முடிவு வந்தது, கட்டி திரும்ப வளராமல் இருந்த காலம் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நடுமதிப்பில் 27.7 மாதம், மருந்தில்லாத சும்மா மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 11.1 மாதம். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். சாயச் சோதனையின் நெகட்டிவோடு நின்றிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடம் இருக்காது.

இந்தத் துறை போகிற வேகத்தைப் பார்த்தால் எனக்கே மனசு பொங்குகிறது. நெதர்லாந்தில் ஸ்டர்ஜன் என்று ஒரு முறை, 2023-இல் வெளியிட்டார்கள், ஆபரேஷன் டேபிளில் ஆள் படுத்திருக்கும்போதே துளி திசுவை நானோபோர் மெஷினில் ஓடவிட்டு மீத்தைல் குறிகளை வைத்து வகையைச் சொல்வது. 25 ஆபரேஷனில் பார்த்து 18-இல் சரியாகச் சொன்னது, ஒன்றரை மணி நேரத்துக்குள். மீதி ஏழில் உறுதியாகத் தெரியவில்லை என்று நின்றுகொண்டது, தப்பாக எதையும் சொல்லவில்லை. எவ்வளவு வெட்டலாம், எங்கே நிறுத்தலாம் என்று சர்ஜன் அங்கேயே முடிவெடுக்க அது உதவும். அந்த மெஷினில் சின்னது உள்ளங்கையில் அடங்கும், நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நம் பெரியாஸ்பத்திரி தியேட்டரிலும் அது ஒருநாள் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒத்தக்கடை அம்மா:

எல்லோருக்கும் இது வேண்டியிருக்காது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும், அதற்காக எழுதுகிறேன். என் பையனுக்கு 7 வயதில் சிறுமூளையில் கட்டி, பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா, கிரேடு 1. முழுசாக எடுத்துவிட்டார்கள். பிராஃப் ஜீன் இன்னொரு ஜீனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கலாமா என்று நான் கேட்டேன். முழுசாக வந்துவிட்டது, பார்த்தாலும் இப்போது செய்யப்போவது ஸ்கேன் எடுப்பது மட்டும்தான், திரும்ப வந்தால் அப்போது அந்த பிளாக்கிலேயே பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். பையன் இப்போது ஆறாம் வகுப்பு. 'இந்தச் சோதனை எப்படி வந்தால் நீங்கள் என்ன மாற்றுவீர்கள்' என்று டாக்டரிடம் கேளுங்கள். மாற்றுவேன் என்றால் செய்யுங்கள். தம்பி, உங்கள் அண்ணன் விஷயத்தில் நிச்சயமாக மாறும் போலிருக்கிறது.

திருமங்கலத்துத் தம்பி:

ஐந்து வாரம் ஆகிவிட்டது, இடையில் வந்து சொல்ல முடியவில்லை, மன்னியுங்கள்.

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஐ.டி.எச்.2 ஜீனில் மாற்றம், ஆர்172கே என்று இருக்கிறது. டெர்ட் மாற்றம் இருக்கிறது. 1பி/19கியூ இரண்டும் முழுசாக இழப்பு. சி.டி.கே.என்.2ஏ இழப்பு இல்லை. ஈ.ஜி.எஃப்.ஆர். பெருக்கம் இல்லை. டெர்ட் என்று பார்த்ததும் சிவகங்கை அக்கா எழுதியது ஞாபகம் வந்து ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டர்தான் கூப்பிட்டு விளக்கினார். ஐ.டி.எச். மாற்றம் இல்லாதவர்களிடம் டெர்ட் வந்தால்தான் அந்த அர்த்தமாம், ஐ.டி.எச்.சும் 1பி/19கியூவும் சேர்ந்து வரும்போது டெர்ட் கூடவே இருப்பது இந்த வகையின் வழக்கமாம். கட்டியின் பெயர் ஆலிகோடென்ட்ரோகிளையோமா, கிரேடு 2. இந்த வகைகளிலேயே மருந்துக்கு நன்றாகக் கேட்கிற ஒன்று என்றார். ஏ.டி.ஆர்.எக்ஸ். என்ற புரதம் இழப்பு இல்லை என்று முதலிலேயே எழுதியிருந்ததும் இதோடு பொருந்துகிறது என்றார். பேப்பரில் '812 தடவை, 39 சதவீதம்' என்று இருந்தது. நாகமலைத் தங்கச்சி சொல்லாமல் இருந்திருந்தால் அந்த 39-ஐ வைத்து நான் எதையெதையோ நினைத்திருப்பேன். அந்த ஐ.டி.எச்.2 ஜீனில் ஒரே ஓர் எழுத்து, ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. அவ்வளவுதான் மாறியிருக்கிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் மிச்சம் எதுவும் தெரியவில்லை, வயதும் 40-க்குக் கீழே, அதனால் ரேடியேஷனை இப்போதே தொடங்காமல் நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்று எல்லா டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவு செய்திருக்கிறார்கள். மிச்சம் இருந்திருந்தாலோ 40 தாண்டியிருந்தாலோ ரேடியேஷனோடு பி.சி.வி. என்ற மூன்று மருந்து சேர்ந்த கீமோவும் கொடுத்திருப்பார்களாம். கிரேடு 2 ஆட்கள் 251 பேரை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆராய்ச்சியில், ரேடியேஷன் மட்டும் வாங்கியவர்கள் நடுமதிப்பில் 7.8 வருடம், கீமோவும் சேர்ந்தவர்கள் 13.3 வருடம் உயிரோடு இருந்தார்கள் என்று டாக்டர் காட்டினார், 2016-இல் வந்ததாம், 1பி/19கியூ இழந்த வகைக்கு அதைவிடவும் நன்றாக இருக்கும் என்றார். வோராசிடெனிப் பற்றியும் கேட்டேன். அடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்றார், கேட்டதற்குச் சந்தோஷப்பட்டார்.

அம்மாவிடம் பதியம் கதையைச் சொன்னேன் அண்ணே. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப தாய்ச்செடி நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்கள். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்கள். தங்கச்சிக்குப் பார்த்த வீட்டில் டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டிப் பேசினோம், அவர்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் கம்பவுண்டராக இருந்தவர், அவரே மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லிவிட்டார்.

மீதி பிளாக்கைத் திரும்ப வாங்கியாகிவிட்டது. வெயில் படாத அலமாரியில், அசல் ரிப்போர்ட்டோடு ஒரு டப்பாவில் மதினி வைத்திருக்கிறார்கள், மேலே பயாப்ஸி நம்பரை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அண்ணன் வலிப்பு மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிடுகிறான். பைக் ஓட்டக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் விடியற்காலைக் கடையை நான் திறக்கிறேன், அவன் ஏழு மணிக்கு மேல் பஸ்ஸில் வந்து கணக்கைப் பார்க்கிறான். நேற்று மிச்சம் இருந்த மல்லிகையில் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினான். பூ வாடைதான் வருகிறதாம்.